முகூர்த்தத்துக்கு வந்த பிளெமிஷ் ஜெபப் புத்தகம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஈரப்பதம் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஈரப்பதம் காட்டும் கருவி சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும், அதற்கு நான் வேண்டியதில்லை. வீட்டில் சும்மா இருந்தவளை ஆட்டோ வைத்து வரச்சொல்லி இருக்கிறீர்கள். அதனால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மேடையில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஐந்நூறு வருஷத்துப் புத்தகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நின்ற கதை.

அப்போது இந்தச் சுவடிப் பாதுகாப்புக் கூடத்துக்கு ஒரு மேலாளர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. சார் என்றுதான் கூப்பிடுவோம். வேலையில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பேச மாட்டார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மெதுவாகத் துடைத்தால் சம்மதம், அழுத்தித் துடைத்தால் சம்மதமில்லை. சிரித்து யாரும் பார்த்தது கிடையாது.

ஒரு நாள் காலையில் திருவாதவூரிலிருந்து வேலுச்சாமி என்ற விவசாயி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைப்போமே, அதேமாதிரி மூடி போட்ட சம்படம்.

"பழைய பொஸ்தகம் தச்சுக் குடுப்பீகன்னு சொன்னாக. இதுல தையல் விட்டுப்போச்சு. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அதுக்குள்ள தச்சுக் குடுத்தீகன்னா போதும்" என்றார்.

மூடியைத் திறந்தேன். உள்ளே பட்டுத்துணி. துணிக்குள் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு புத்தகம். அட்டையெல்லாம் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வைத்த பொட்டு. ஏதோ பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துத்தான் நடுவில் பிரித்தேன்.

தங்கம். பக்கம் முழுக்கத் தங்கப் பூச்சு, அதன்மேல் யாரோ இப்போதுதான் பறித்துப் போட்ட மாதிரி பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் நிழல் வேறு வரைந்திருந்தார்கள். ஒரு நத்தை, ஒரு பட்டாம்பூச்சி, சிவப்பாக ஏதோ பழம். நடுவில் எனக்குப் புரியாத எழுத்து. அடுத்த ஏட்டைப் புரட்டினால், நீலச்சேலை மாதிரி ஒரு போர்வை போர்த்திய பெண், மடியில் குழந்தை. பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தேன். நல்லவேளையாக இருந்தது.

"சார், கொஞ்சம் வாங்க" என்று நான் கூப்பிட்ட குரல் எனக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது.

சார் வந்தார், குனிந்தார். பூக்களுக்கு நடுவே ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. கையை வீசி அதை விரட்டினார். ஈ போகவில்லை. மறுபடியும் வீசினார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதுவும் வரைந்த ஈ.

அன்றைக்குத்தான் சார் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். வேலுச்சாமியும் சேர்ந்து சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாரும் ஒரு தடவ அந்த ஈயை ஓட்டுனவகதான் சார். நான் சின்னப்பிள்ளையில ஓட்டி, எங்கப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன்."

அது என்ன புத்தகம் என்பதை உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்றைய பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே இருப்பவர்களைப் பிளெமிஷ்காரர்கள் என்பார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே புரூஜ், கெண்ட் போன்ற ஊர்களில் வசதியான வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு ஜெபப் புத்தகம் வைத்திருப்பார்கள். காலை, மதியம், மாலை என்று வேளைக்கு ஒரு ஜெபம். எழுதுகிறவர் ஒருவர், ஓரத்தில் பூ வரைகிறவர் இன்னொருவர், பெரிய படம் வரைகிறவர் வேறொருவர். அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று அது கைமாறிப் போகும்.

அது திருவாதவூருக்கு எப்படி வந்தது? வேலுச்சாமி சொன்னதுதான் எனக்கும் தெரியும். அவருடைய பாட்டனாருக்கு அப்பா, ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். சாமியார் பிளெமிஷ் ஊர்க்காரர். வண்டிக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, கொடுக்கத் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று, தன் தாயார் கொடுத்த இந்தப் புத்தகத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டாராம். அதிலிருந்து அந்த வீட்டுப் பெண் எவளுக்குக் கல்யாணமானாலும், தாலி கழுத்தில் ஏறும் முன்னால் அந்த நீலச்சேலைக்காரியின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அது அவர்கள் வீட்டு முறை. இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அட்டையில் இருந்த குங்குமத்தின் கனத்தைப் பார்த்த பிறகு சந்தேகப்படவும் தோன்றவில்லை.

முதல் சிக்கல் அங்கேயே வந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றி அழுத்தித் துடைத்தார். "தச்சுத் தரலாம். மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. இது கண்ணாடிப் பேழையில இருக்க வேண்டியது."

"அப்பத் தைக்க வேணாம் சார்" என்று வேலுச்சாமி சம்படத்தை எடுத்து மூடினார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை ஒத்துவராவிட்டால் எழுந்து போவோமே, அந்த மாதிரி எழுந்தார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவருடைய பொருள், அவர் எடுத்துக்கொண்டு போகிறார். தடுக்க நமக்கு உரிமை இல்லை. போனால் என்ன ஆகும்? தையல் விட்ட ஏடுகள் மணமேடையில் ஒவ்வொன்றாக உதிரும். பன்னீர் தெளிப்பார்கள், குங்குமம் வைப்பார்கள், பக்கத்தில் குத்துவிளக்கு எரியும். நாம் சரியாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தி நமக்கு மிஞ்சும், புத்தகம் மிஞ்சாது. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

"அண்ணே, நில்லுங்க. தச்சுத் தாரோம். கல்யாணத்துக்கும் போகட்டும். ஆனா கூட நானும் வாரேன். நான்தான் திறப்பேன், நான்தான் மூடுவேன். தண்ணி, குங்குமம், தீ மூணும் கிட்ட வரக்கூடாது."

அவர் யோசித்தார். "மேடையிலயே நிப்பீகளா?"

"நிப்பேன்."

"அப்பப் பொண்ணுக்குத் தோழி மாதிரி நின்னுக்கங்க" என்றார்.

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தைத்த வேலையைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, அது உங்கள் மேசையில் தினமும் நடப்பது. நடுவில் மணப்பெண் மலர்விழி ஒரு நாள் வந்தாள். கால்நடை மருத்துவர். ஏட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மேடம், இது கன்னுக்குட்டித் தோலுதானே? இந்தா மயிர்க்கால் தெரியுது பாருங்க. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

"ஆமா. அந்தக் காலத்துல அங்க காகிதத்துக்குப் பதிலா தோலுதான். அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன் மேடம்" என்றாள். அந்தப் புத்தகம் அவர்கள் வீட்டில் பூஜையறையில் இருக்கிறது. வாசலில் பசுவும் கன்றும் கட்டியிருக்கிற வீடு. அவளே சொல்வதுதான் முறை என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று சாரும் வந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் சம்படம், கையுறை, ஒரு கறுப்புக் குடை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. வாசலில் ஒரு இயந்திரம் வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் பன்னீரை வீசியடித்துக்கொண்டிருந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் புகை கக்கும் பெட்டிகள். மேலே விளக்கு, கீழே விளக்கு. வீடியோக்காரர் கையில், தட்டினால் ஜிகினாக் காகிதம் வெடித்துப் பறக்குமே, அந்தக் குழல். ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே போனேன். புகைப்பெட்டியின் வயரை நானே பிடுங்கிவிட்டேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளையின் அத்தை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு அத்தை என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என் சொல்லைத் தட்டவில்லை. சுவடிப் பாதுகாப்பு அதிகாரி என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிக்கல் சாப்பாட்டுக்கூடத்தில் கிளம்பியது. சார் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பொங்கல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. பக்கத்து இலைக்காரர் "அந்தப் பொஸ்தகம் அம்புட்டு விசேஷமா?" என்று கேட்க, வருஷக்கணக்காகப் பேசாத மனுஷன் பேச ஆரம்பித்துவிட்டார். தங்கம் எப்படி ஒட்டினார்கள், நீலக்கல்லை எப்படி அரைத்தார்கள் என்று எல்லாம் சொல்லி, கன்றின் தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறார். பக்கத்து இலைக்காரர் வேறு யாரும் இல்லை, மாப்பிள்ளையின் தாய்மாமன்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தாய்மாமன் மேடைக்கு ஏறி வந்தார். பெரிய மீசை, கழுத்தில் மடித்துப் போட்ட பட்டுத் துண்டு. நேராக என்னிடம் வந்தார். மேளம் தானாக நின்றது.

"ஏம்மா, நீங்கதான் அதிகாரியாமே. அந்தச் சம்படத்துக்குள்ள இருக்கிறது காகிதமா, கன்னுக்குட்டித் தோலா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. வேலுச்சாமியின் முகத்தில் ரத்தம் இல்லை. மகள் அவரிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கூடத்து வாசலில் சார், கையில் கழுவாத பொங்கலோடு நிற்கிறார். அவரால் கண்ணாடியைக்கூடத் துடைக்க முடியவில்லை.

'காகிதம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாய்மாமன் இறங்கிப் போவார், மேளம் வாசிக்கும், எல்லாம் சுபம். சார் ஏதோ குழப்பிச் சொல்லிவிட்டார் என்று சமாளிக்கலாம். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் பாருங்கள், இந்தப் பொருள் இன்னது, இதனால் ஆனது என்று சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பார்க்கிறவரின் முகத்தைப் பொறுத்து அதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு நான் எதைத் தங்கம் என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"கன்னுக்குட்டித் தோல்தான் ஐயா" என்றேன்.

பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"கன்னுத் தோலை முன்னாடி வச்சுக்கிட்டு எங்க வீட்டுப் பையன் தாலி கட்ட மாட்டான். வேலுச்சாமிண்ணே, அதை வெளிய அனுப்புங்க."

வேலுச்சாமி மகளைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா தாயி?"

"தெரியும்ப்பா. சொன்னா நீங்க பூஜையறையில இருந்து எடுத்துருவீகளோன்னு சொல்லல." மலர்விழி மணையில் உட்கார்ந்தபடியே தாய்மாமன் பக்கம் திரும்பினாள். முறைக்கு அவர் அவளுக்குப் பெரியப்பா. "பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பொஸ்தகம் வெளிய போகட்டும். தவிலும் போகணுமா?"

அவருக்குப் புரியவில்லை. தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் எருமைங்கய்யா. வாசிக்கவா, எறங்கவா, சீக்கிரம் சொல்லுங்க, நேரம் போகுது" என்றார்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார், அதுவரை தலை குனிந்தே இருந்தவர். மாலை குலுங்குவதைத்தான் நான் முதலில் பார்த்தேன். பிறகு ஐயர். பிறகு மண்டபமே. தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நியாயமான மனுஷர், யோசித்தார். ஆடு, எருமை, கன்று என்று மனசுக்குள் எடை போடுகிறார் என்பது மீசையின் அசைவிலேயே தெரிந்தது.

"மாமா, தாலி கட்டப்போறது நான். எனக்குச் சம்மதம்" என்றார் மாப்பிள்ளை.

தாய்மாமன் என் பக்கம் வந்து நின்றார். "அந்தக் கன்னைக் கொன்னு எம்புட்டு வருஷமாச்சு?"

"ஐந்நூறு இருக்கும் ஐயா."

"அப்பச் சரி. தீட்டெல்லாம் கழிஞ்சிருக்கும்" என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, அங்கேயே என் பக்கத்தில் நின்றுவிட்டார். "தெறங்க, நானும் பாக்குறேன்."

திறந்தேன். மலர்விழி நீலச்சேலைக்காரியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். தாய்மாமன் குனிந்து பார்த்தார். சற்று நேரத்தில் அவர் கை மெல்ல உயர்ந்தது. ஈயை விரட்டப் போகிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மேடையில், முகூர்த்த நேரத்தில், பெரிய மனுஷரின் முகத்துக்கு எதிரே. அவர் விவரம் தெரிந்து கையை மீசைக்குக் கொண்டுபோனார்.

கெட்டிமேளம் கொட்டியது. மஞ்சள் அரிசி நாலாபக்கமிருந்தும் மழையாக வந்தது. குடையை விரித்துப் புத்தகத்தின் மேல் பிடித்துக்கொண்டேன். அது ஏதோ பெண் வீட்டுச் சடங்கு என்று நினைத்து இரண்டு மூன்று பெண்கள் குடைக்கும் குங்குமம் வைத்தார்கள். நான் கெஞ்சிக் கேட்டும் வீடியோக்காரர் மறந்துபோய் ஜிகினாக் குழலைத் தட்டிவிட்டார். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, சார் குறுக்கே பாய்ந்தார். அவ்வளவும் அவர் வழுக்கைத் தலையில் இறங்கியது. ஒரு துண்டுகூடப் புத்தகத்தில் படவில்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை, பெண்ணுக்கு நடுவே மினுமினுவென்று ஒரு தலை தெரியும். அது சார்தான்.

மறுவீடு முடிந்த கையோடு மலர்விழி கணவரைக் கூட்டிக்கொண்டு நம் கூடத்துக்கு வந்தாள். புத்தகத்தை இங்கேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், வீட்டில் கல்யாணம் வந்தால் மட்டும் அனுப்ப வேண்டும் என்று வேலுச்சாமி சொல்லியனுப்பியிருந்தார். அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. "எல்லா ஏடும் கன்னுத் தோலுதானா, இல்ல வேற ஏதும் கலந்திருக்கா மேடம்? கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கிற ரப்பரால் ஏட்டின் வெறும் ஓரத்தில் மெல்லத் தேய்த்தால், அந்தத் துகளில் தோலின் சத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சோதித்து எந்த விலங்கு என்று சொல்லிவிடுவார்கள். சாரே உட்கார்ந்து தேய்த்தார். துகள்களைப் பெல்ஜியத்தில் இந்தப் புத்தகங்களையே ஆராய்கிற ஒரு பேராசிரியைக்கு அனுப்பினோம்.

பதில் வந்தபோது நானும் மலர்விழியும் ஒரே மேசையில் இருந்தோம். எல்லா ஏடும் கன்று. நீலச்சேலைக்காரி இருக்கிற ஏடு மட்டும் வெள்ளாடு.

அதன் அர்த்தத்தைப் பேராசிரியை எழுதியிருந்தார். புரூஜ் ஊரில் இப்படிப்பட்ட படங்களைத் தனித்தனி ஏடாக வரைந்து விற்பார்களாம். வாங்குகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்ப் புத்தகத்தில் சேர்த்துத் தைத்துக்கொள்வார்களாம். அப்படியானால் முதன்முதலில் இந்தப் புத்தகத்தை வாங்கிய பெண், நாம் கூறைப்புடவை எடுக்கப் போகிற மாதிரி, கடையில் ஒவ்வொரு படமாக விரிக்கச் சொல்லி, இது வேண்டாம், அது வேண்டாம் என்று தள்ளி, கடைசியில் இவளைப் பிடித்திருக்கிறாள். உறுதியாகச் சொல்ல முடியாது, அநேகமாக அப்படித்தான் என்று எழுதியிருந்தார். எனக்கும் மலர்விழிக்கும் அந்த 'அநேகமாக' போதுமாக இருந்தது. இரண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பெரியப்பாவுக்குச் சொல்லணும் மேடம்" என்று அவள் தாய்மாமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எனக்கு ஒன்று தோன்றியது. அன்றைக்கு மேடையில் நான் காகிதம் என்று சொல்லியிருந்தால், இந்தச் சந்தோஷத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

மலர்விழி எல்லாவற்றையும் சொன்னாள். கன்று, வெள்ளாடு, புரூஜ், கடை. அந்தப் பக்கம் எங்கோ பம்புசெட்டு ஓடுவது மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டாரோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வெள்ளாடு சரி" என்றார் கடைசியில். "எந்த ஊரு ஆடு?"

"அது தெரியாது பெரியப்பா."

"கேட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

பேராசிரியையிடம் கேட்டிருக்கிறோம். இப்போதைக்கு வழியில்லை, புதுச் சோதனைகள் வந்துகொண்டிருக்கின்றன, பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். சாரும் ஓய்வுபெற்றுவிட்டார், நானும் பெற்றுவிட்டேன். தாய்மாமன் இன்றுவரை என்னை எங்கே பார்த்தாலும் அதைத்தான் விசாரிக்கிறார். அவருடைய நம்பர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதில் வருகிற அன்றைக்கு உங்களில் யார் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்களோ, முதல் போன் அவருக்குத்தான் போட வேண்டும்.